அட்டெண்டன்ஸ் எவ்வளவு இருக்கிறது?

கோவில்பட்டி,
ஞாயிறு மாலை.

அன்பு மகள் செல்விக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். போன் போட்டால் 'மீட்டிங்ல இருக்கேன்பா, அப்புறம் கூப்பிடுறேன்' என்கிறாய். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை, அதனால் பேனாவை எடுத்தேன். கடிதத்தை நடுவில் கட் பண்ண முடியாது பார்.

பெரியத்தை வீட்டு விஷயம் ஒருவழியாக முடிந்தது. மாமா கையெழுத்துப் போட்டுவிட்டார். மற்றதை நேரில் சொல்கிறேன்.

கல்லூரி ஆசிரியர் வேலைக்கும் ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் எழுதுகிற நெட் தேர்வுக்கு விண்ணப்பம் போட்டாயா? கடைசித் தேதி வரைக்கும் வைத்துக்கொள்ளாதே. அன்றைக்குப் பார்த்துத்தான் சர்வர் படுத்துக்கொள்ளும். முதல் தாளை லேசாக நினைக்கிறாய் என்று எனக்குத் தெரியும். 50 கேள்வி, 100 மதிப்பெண் தாயி. உன் பாடத்தில் 100 கேள்விக்கு 200. இரண்டையும் சேர்த்து மூன்றே மணி நேரம். தப்புக்குக் கழிப்பது கிடையாது, அதனால் ஒரு கேள்வியையும் சும்மா விட்டுவிட்டு வராதே. '2024 ஜூன்ல எழுதின மறுநாளே ரத்து பண்ணாங்களேப்பா' என்று நீ கேட்பாய். ரத்து செய்தார்கள்தான், அப்புறம் மறுபடி நடத்தவும் செய்தார்கள் இல்லையா? ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000. யாரிடமும் கை நீட்டாமல் நிம்மதியாக ஆராய்ச்சி செய்யலாம். முதலில் விண்ணப்பத்தைப் போடு.

போன வாரம் சின்னையா மகன் வந்திருந்தான். போனில் உன் போட்டோ ஒன்றைக் காட்டினான். டெல்லியில் உங்கள் ஜே.என்.யூ. விடுதிப் படிக்கட்டில் நாலைந்து பேரோடு உட்கார்ந்து தப்பு மேளம் மாதிரி ஒன்றை அடித்துக்கொண்டிருக்கிறாய். டஃப்லி என்று பேர் சொன்னான். நன்றாகத்தான் இருந்தது. கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு தெரிகிறது. மெஸ்ஸில் ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா, இல்லை ராத்திரியெல்லாம் கங்கா தாபா டீயோடு சரியா?

பரணைச் சுத்தம் செய்தபோது என் பழைய தேர்தல் கையேடு அகப்பட்டது. வாக்குச்சாவடித் தலைமை அலுவலருக்குக் கொடுப்பார்களே, அது. அதைப் புரட்டப் போய் இன்டர்நெட்டில் என்னென்னவோ படித்து, கடைசியில் லிங்டோ கமிட்டியில் வந்து நின்றேன். முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் லிங்டோ, மாணவர் தேர்தலுக்கு விதிகள் எழுதிக் கொடுத்தவர். 2006-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. வேட்பாளர் 5,000 ரூபாய்க்கு மேல் செலவு செய்யக் கூடாது. அச்சடித்த போஸ்டர் கூடாது, கையால் எழுதியதுதான். அரியர் இருக்கக் கூடாது. 75 சதவீதம் வருகை இருக்க வேண்டும். உங்கள் வளாகத்துக்கும் இந்தக் கமிட்டிக்கும் பழைய பஞ்சாயத்து ஒன்று உண்டு போலிருக்கிறது. 2008-ல் நீதிமன்றத் தடை வந்து, 2012-ல்தான் மறுபடி சங்கத் தேர்தல் நடந்திருக்கிறது.

சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன், உன் அட்டெண்டன்ஸ் எவ்வளவு இருக்கிறது?

நீ முதல் வருஷம் சொன்னதை எல்லாம் நான் மறக்கவில்லை. சாப்பாட்டு மேஜையில் பர்ச்சா என்கிற துண்டுப்பிரசுரம் கிடக்கும், ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு மெஸ்ஸிலேயே யாராவது வந்து பேசுவார்கள், தலைவர் பதவிக்கு நிற்கிறவர்கள் மேடையில் பேசிவிட்டுக் கூட்டத்தின் கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும் என்றெல்லாம் ஒரு மணி நேரம் மூச்சு விடாமல் சொன்னாய். தேர்தல் கமிஷனே மாணவர்கள்தான் என்றபோது நான் நம்பவில்லை. வாக்குச்சீட்டு அடிப்பதிலிருந்து எண்ணி முடிப்பது வரை பிள்ளைகளே செய்வது சாதாரணக் காரியமா? இங்கே எங்களுக்கு மூன்று பயிற்சி வகுப்பு வைத்தும், மாதிரி வாக்குப்பதிவில் போட்ட 50 ஓட்டை அழிக்க மறந்துவிட்டு உண்மையான வாக்குப்பதிவைத் தொடங்குகிறவர்கள் உண்டு. பதிவான ஓட்டுக் கணக்கை எழுதும் 17சி படிவத்தில் ஒரு எண் பிசகினால் ராத்திரி முழுக்கத் தூக்கம் கிடையாது. என்னைக் கேட்டால் தேர்தலில் நிற்பதைவிட நடத்துவதுதான் பெரிய வேலை. நீ அந்தக் கமிஷனில் சேரலாமே? அதில் இருக்கிறவர் போட்டியிட முடியாது என்பது வேறு விஷயம்.

உனக்கு அந்தத் திறமை இருக்கிறது என்பதால்தான் சொல்கிறேன். நீ பி.ஏ. படிக்கும்போது, 2024 ஏப்ரல் 19 வாக்குப்பதிவு முடிந்ததும், யாருக்கு ஓட்டுப் போட்டார்கள் என்று வீடு வீடாகக் கேட்கும் லோக்நீதி சர்வேக்கு உன்னை பைக்கில் வைத்துக்கொண்டு அலைந்தேனே. வாக்காளர் பட்டியலிலிருந்து எடுத்துக் கொடுத்த பேர், அந்த ஆளைத்தான் பார்க்க வேண்டும். ஒரு வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டுக்காரர் திண்ணையில் சும்மாதானே இருக்கிறார், அவரிடம் கேட்டு முடித்துவிடலாம் என்றேன். நீ முறைத்த முறைப்பு! சாயங்காலம் மறுபடி அதே வீட்டுக்குப் போனோம். இன்னொரு வீட்டில் ஒரு ஆச்சி, மாதிரி வாக்குச்சீட்டைக் கையில் வாங்கிக்கொண்டு வீட்டுக்காரர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நீ, 'தாத்தா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா' என்றாய். அவர் செம்போடு திரும்பி வருவதற்குள் ஆச்சி குறி போட்டு, மடித்து, டம்மிப் பெட்டிக்குள் போட்டுவிட்டார். இத்தனை வருஷம் பூத்தில் உட்கார்ந்தவன் நான், எனக்கு அது தோன்றியிருக்காது. தெருவில் 'அரசியல் படிச்சு என்ன பண்ணப் போகுது பிள்ளை' என்று கேட்கிறவர்களிடம் எல்லாம் இந்தக் கதையைத்தான் சொல்கிறேன்.

அந்த சர்வேயை நடத்தும் சி.எஸ்.டி.எஸ். ஆய்வு நிறுவனம் டெல்லியில் ராஜ்பூர் ரோட்டில்தானே இருக்கிறது. 1963-ல் ரஜினி கோத்தாரி தொடங்கிய இடம். இரண்டு வருஷமாக அதே ஊரில் இருக்கிறாய், ஒரு தடவையாவது போய்ப் பார்த்தாயா? நாடாளுமன்ற வேலைகளை ஆராயும் பி.ஆர்.எஸ். அமைப்பு நடத்தும் லாம்ப் பெல்லோஷிப்பும் இருக்கிறது. ஒரு எம்.பி.யிடம் பத்துப் பதினொரு மாதம் வேலை. கேள்வி தயாரிப்பது, மசோதாவைப் படித்துக் குறிப்பு எழுதுவது எல்லாம் கையோடு பழகிவிடும். மக்களவையில் ஒரு நாளைக்கு அமைச்சர் எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டிய நட்சத்திரக் கேள்வி 20 பட்டியலில் வருகிறது, கேள்வி நேரம் முடிவதற்குள் பாதிகூட எட்டுவதில்லை என்று நீதானே சொல்வாய்? ஏன் எட்டவில்லை என்று உள்ளே இருந்து பார்க்கலாமே. ஆனால் அதற்கு வயது வரம்பு 25. எதையும் அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிப் போட முடியாது. நெட் விண்ணப்பமும் அப்படித்தான்.

அம்மா இதை வாசித்துவிட்டு, 'கேக்க வேண்டியதை மட்டும் கேக்கலியே' என்கிறாள். அவளுக்கு மேலத்தெரு அத்தானை நினைத்தால் இன்னமும் கை நடுங்கும், உனக்கே தெரியும். நான் அப்படி இல்லை. நீ யாரோடு சேர்ந்திருக்கிறாய், எந்தக் கொடி என்றெல்லாம் நான் கேட்க மாட்டேன். அந்தப் போட்டோவில் உன் பின்னால் கையால் எழுதிய போஸ்டர் ஒன்று இருந்தது. இந்தி எனக்குப் படிக்கத் தெரியாது. சின்னையா மகனுக்குத் தெரியும், ஆனால் அவன் வாயைத் திறக்கவில்லை. எதுவாக இருந்தாலும் எனக்கு நீயே முதலில் சொல்லிவிடு தாயி. ஊரார் வாயால் எனக்குத் தெரியவர வேண்டாம்.

5,000 ரூபாய் போட்டிருக்கிறேன். மெஸ் பில்லுக்கு.

தீபாவளிக்கு வரும் தேதியைச் சொல்லு. இப்போதெல்லாம் 60 நாளைக்கு முன்னால்தான் புக்கிங் திறக்கிறது, திறந்த அன்றைக்கே தீர்ந்தும் போகிறது. திருக்குறள் எக்ஸ்பிரஸில் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் சென்னைக்கு வந்துவிடு, அங்கிருந்து மாமா பஸ் ஏற்றிவிடுவார். பருப்புப்பொடியும் எள்ளுப்பொடியும் பார்சலில் வருகிறது. எள்ளுப்பொடி டப்பாவை மட்டும் நிமிர்த்தியே வை, மூடி சரியில்லை.

அன்புடன்,
அப்பா