பேப்பர்ல பேர் வராதவங்களுக்கு

பிறக்குற பிள்ளைங்கள ஒரு பாக்டீரியால இருந்து காப்பாத்த, கர்ப்பமா இருக்குற அம்மாவுக்குப் போடுற தடுப்பூசி ஒண்ணப் பத்திதான் என் ஆராய்ச்சி. தீசிஸ்ல நன்றி சொல்ல ஒரு பக்கம் குடுத்தாங்க, அது இங்கிலீஷ்ல, கிராண்ட் குடுத்தவங்க, சூப்பர்வைசர், கமிட்டினு மேல இருந்து எழுதிக்கிட்டே வந்தேன், பக்கம் முடிஞ்சிருச்சு. யார் இல்லன்னா இந்த வேலை நடந்தே இருக்காதோ அவங்கள்ல பாதிப்பேர் அந்தப் பக்கத்த பாக்கவே போறதில்ல. அதான் இங்க, தமிழ்ல.

மொதல்ல பிரசவ வார்டுல தொப்புள்கொடி ரத்தம் குடுத்த அக்காமாருங்களுக்கு. வலி வந்து படுத்திருக்குற நேரத்துல ஒரு ஸ்டூடண்ட் ஃபார்மத் தூக்கிட்டு வந்து நின்னா யாருக்குத்தான் எரிச்சல் வராது, அதனால கிளினிக்குக்கு செக்கப் வர்றப்பவே பேசிருவோம். அப்ப ஒரு அக்கா நேராவே கேட்டாங்க, "இதுனால என் பிள்ளைக்கு என்னம்மா கெடைக்கும்?"னு. ஒண்ணும் இல்லக்கா, இந்த ஊசி வர்றதுக்குள்ள உங்க பிள்ளை ஸ்கூலுக்கே போயிரும்னு சொன்னேன். கொஞ்ச நேரம் பிங்க் புக்க, அதான் கர்ப்ப செக்கப் புக்க, பொரட்டிக்கிட்டு இருந்தாங்க, அப்பறம் பேனா கேட்டாங்க.

எதுக்கு அந்த ரத்தம்னு சரியா சொல்லிடுறேன், அவசரத்துல நெறைய பேருக்கு முழுசா சொல்ல முடியல. குரூப் பி ஸ்ட்ரெப்னு ஒரு பாக்டீரியா, கர்ப்பமா இருக்குற அஞ்சு பேர்ல ஏறக்குறைய ஒருத்தர் உடம்புல சும்மா இருக்கும், அவங்களுக்கு பெரும்பாலும் ஒரு தொந்தரவும் பண்ணாது, ஆனா பிறக்குறப்ப பிள்ளைக்குத் தொத்திக்கிட்டா சில பிள்ளைங்களுக்கு ரத்தத்துல கலந்து மூச்சுத் திணறல், மூளைக்காய்ச்சல் வரைக்கும் போயிரும். உலக சுகாதார நிறுவனம் 2021-ல போட்ட கணக்குப்படி வருஷத்துக்கு ஏறக்குறைய 91,000 பிள்ளைங்க இதுல போறாங்க, வயித்துலயே எறந்து பிறக்குறது இன்னும் 46,000. பிரசவ நேரத்துல பெனிசிலின் ட்ரிப் போட்டா மொதல் வாரத்துல வர்றதத் தடுக்கலாம். ஒரு வாரம் கழிச்சு மூணு மாசத்துக்குள்ள வர்றத அது தடுக்காது. பிறந்த பிள்ளைக்கு ஊசி போட்டு அது ஆன்டிபாடி (கிருமிய எதிர்க்க உடம்பு செய்யுற புரோட்டீன்) உண்டாக்குற வரைக்கும் காத்திருக்க நேரம் இல்ல, அதனால அம்மாவுக்குப் போடணும், அவங்க ஆன்டிபாடி நஞ்சுக்கொடி வழியா பிள்ளைக்குப் போகும், கர்ப்பத்துல போடுற தனுர்வாத ஊசி மாதிரியேதான். 1976-லயே கரோல் பேக்கரும் டென்னிஸ் காஸ்பரும் நோய் வந்த பிள்ளைங்களோட அம்மாமாருங்க ரத்தத்துல இந்த ஆன்டிபாடி கம்மியா இருந்துச்சுன்னு காட்டிட்டாங்க, இன்னைக்கு வரைக்கும் லைசென்ஸ் வாங்குன ஊசி ஒண்ணு கூட இல்ல, அதுதான் எனக்கு ஆத்திரம். அம்மா ரத்தத்துல எவ்வளவு இருந்துச்சு, பிள்ளைக்கு எவ்வளவு போய்ச் சேந்துச்சுன்னு பாக்கத்தான் உங்க ரெண்டு பேர் ரத்தமும் ஜோடியா வேணும்.

அத நடுராத்திரியிலயும் எடுத்து, லேபிள் ஒட்டி, ஐஸ்ல வச்ச நர்ஸ் மிஸ்ஸிமாருங்களுக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. அது உங்க வேலையே இல்ல. அலவன்ஸும் இல்ல.

லேப்ல சீனியர் அண்ணன் ஒருத்தருக்கு. அவர் என்ன செஞ்சார்னு புரிய மொதல்ல கொஞ்சம் பின்கதை. இந்த பாக்டீரியாவுக்கு மேல சர்க்கரைல ஒரு சட்டை இருக்கு, அதுல பத்து ரகம், சர்க்கரைய வச்சு ஊசி செஞ்சா ரகம் ரகமா சேத்துக்கிட்டே போகணும், ஃபைசர் ஆறு ரகத்தச் சேத்து டெஸ்ட் பண்ணிருக்காங்க. புரோட்டீன் வழி வேற. சுவீடன்ல லுண்ட் யுனிவர்சிட்டி ஆராய்ச்சியில வந்த ரிப், ஆல்ஃபா சி மாதிரி மேல்பரப்பு புரோட்டீன்கள்ல இருந்து துண்டுகள எடுத்து ஒட்டவச்சு டென்மார்க்ல மினர்வாக்ஸ்னு ஒரு கம்பெனி கர்ப்பிணிங்க வரைக்கும் டெஸ்ட் பண்ணிட்டாங்க. நாங்க எடுத்தது வேற புரோட்டீன், இன்னும் எலி அளவுலதான் நிக்குது, பெருசா பீத்திக்க ஒண்ணுமில்ல. ஆனா அந்தப் புரோட்டீன், அத செய்ய வச்ச ஈ கோலைங்குற பாக்டீரியாவுக்குள்ள கரையாம கட்டியாவே உக்காந்துக்கிச்சு, யூரியா போட்டு கரைச்சு, அப்பறம் அந்த யூரியாவ கொஞ்சம் கொஞ்சமா கொறைச்சு மறுபடி சரியா மடிய வைக்கணும், அவசரப்பட்டா எல்லாம் வெள்ளையா திரிஞ்சிரும். அண்ணே, நீங்க கத்துக் குடுத்த மாதிரி எந்தப் புக்லயும் இல்ல. நீங்க தாப்பாவ் பண்ணி பொட்டலமா கொண்டு வந்த நாசி கண்டார் சோத்துக்கும் சேத்து தேங்க்ஸ், காசு இன்னும் நான் தரல.

எலி ரூமப் பாத்துக்குற பாங்குக்கு (மலாய்ல அண்ணன்) தமிழ் தெரியாது, யாராவது படிச்சுக் காட்டுங்க. தாய் எலிக்கு ஊசி போட்டு, அது குட்டி போட்டதுக்கு அப்பறம் குட்டிக்கு பாக்டீரியா குடுத்துப் பாக்கணும், அதுங்களுக்கு தீபாவளி ஹரி ராயா எல்லாம் தெரியாதுல்ல. தீபாவளிக்கு அவர் பாத்துக்கிட்டார், ராயாவுக்கு நான். ஊசி போடாத எலியோட குட்டிங்கள எண்ண வேண்டிய காலையில எனக்கு முன்னாடியே வந்து கூட நின்னதுக்கும், பாங், தெரிமா காசே.

கரண்டு போன ராத்திரி மைனஸ் 80 ஃப்ரீசர் அலாரம் கேட்டு எனக்கு ஃபோன் அடிச்ச செக்யூரிட்டி காட் ஐயாவுக்கும். பட்டர்வொர்த்ல இருந்து பாலம் தாண்டி நான் வர்றதுக்குள்ள அவரே ஐஸ் தேடி ஆள் புடிச்சு வச்சிருந்தார். அவர் இல்லன்னா அந்த அக்காமாருங்க குடுத்தது எல்லாம் போயிருக்கும்.

அம்மாவுக்கு. 2015-ல சிங்கப்பூர்ல பச்சை ஆத்துமீன் சாப்பிட்டு பெரியவங்களுக்கே இதே பாக்டீரியால எஸ்டி283னு ஒரு ரகம் வந்த கதைய தெரியாத்தனமா வீட்டுல சொல்லிட்டேன், அன்னையில இருந்து பாசார்ல மீன் விக்கிறவங்களுக்கெல்லாம் அம்மாதான் டாக்டர். அம்மா, நல்லா வேக வச்சா பயம் இல்ல, அவங்க வியாபாரத்த விட்ருங்க.

கடைசியா மறுபடி அந்த அக்காமாருங்களுக்கு ஒரு விசயம். உங்க சாம்பிள்ல மிச்சம் இருக்குறத அடுத்து வர்ற தங்கச்சி எடுத்து வேற ஒரு புரோட்டீனுக்கு டெஸ்ட் பண்ணப் போறா, நீங்க கையெழுத்துப் போட்ட ஃபார்ம்லயே அதுக்கு சம்மதம் இருக்கு. மனசு மாறிட்டா அதே ஃபார்ம்ல உள்ள நம்பருக்கு அடிச்சுச் சொல்லுங்க, காரணம் கேக்க மாட்டாங்க, எடுத்து அழிச்சிருவாங்க.