ரப்பர் ஷீட்டும் ஷார்ஜா ஷேக்கும்

அன்புள்ள அச்சா,

நீங்கள் பாதிரியாராகி இருபத்தைந்து வருடம் ஆகும் குருப்பட்ட வெள்ளிவிழா அழைப்பிதழ் போன வாரம் வந்தது. உறையின் மேல் உங்கள் கையெழுத்திலேயே ‘றாவுத்தருக்கு’ என்று தமிழில் எழுதியிருந்தீர்கள். மதுரை ஹாஸ்டலில் மூன்று வருடம் என்னிடம் கற்றுக்கொண்ட தமிழ். ‘ர’வுக்கும் ‘ற’வுக்கும் இன்னும் தகராறு தீரவில்லை போல.

கண்டிப்பாக வருகிறேன். வருவதற்கு முன்னால் ஒன்றைப் பேசிவிட வேண்டும். சில வருடங்களாக நாம் பெருநாளுக்கும் கிறிஸ்துமஸுக்கும் வாழ்த்துப் படம் அனுப்புவதோடு நிறுத்திக்கொண்டோமே, அதைப் பற்றித்தான். வாட்ஸ்அப்பில் மூன்று முறை எழுதி அழித்தேன். இப்படி வாழ்த்துப் படத்தோடு நின்றுபோன நட்புகள் நிறைய இருக்கின்றன என்பதால் எல்லோரும் படிக்கும்படியே எழுதுகிறேன். உங்கள் பெயரைப் போடவில்லை, பயப்படாதீர்கள்.

2021 செப்டம்பர் 8, மாதா பிறந்தநாள். குறவிலங்காடு தேவாலயத்தில் கோட்டயம் பக்கத்து உங்கள் பாலா மறைமாவட்ட ஆயர் ஜோசப் கல்லறங்காட்டு பிரசங்கம் செய்தார். முஸ்லிம் இளைஞர்கள் காதலித்து மதம் மாற்றுகிறார்கள் என்று குற்றம் சொல்லும் ‘லவ் ஜிகாத்’ என்ற சொல் ஏற்கெனவே எல்லோருக்கும் பழகிப்போயிருந்தது. அன்று அவர் புதிதாக ஒன்றைச் சேர்த்தார்: ‘நார்கோட்டிக் ஜிகாத்’. ஆயுதம் எடுக்க முடியாத இடத்தில் ஜிகாதிகள் காதலையும் போதைப்பொருளையும் கருவியாக எடுக்கிறார்கள் என்றார். ஐஸ்கிரீம் பார்லர், ஜூஸ் கடை, ஹோட்டல் என்று இடங்களையும் சொன்னார்.

ஜூஸ் கடை என்றதும் எனக்கு ஒரே ஒரு கடைதான் நினைவுக்கு வந்தது. பாலாவில் என் சின்னத்தா மகன் வைத்திருந்த கடை. நீங்களும் உட்கார்ந்து குடித்திருக்கிறீர்கள். ஒரு மிக்சி, ஒரு ஃப்ரீசர், நாலு பிளாஸ்டிக் நாற்காலி. கல்லாக உறைந்த பால் பாக்கெட்டைத் திண்ணையில் ஓங்கி அடித்து உடைப்பான், வாழைப்பழமும் பூஸ்டும் போட்டு அரைப்பான், ஷார்ஜா ஷேக் தயார். பிரசங்கம் நடந்த மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, தினமும் வருகிற ஒரு வயசான அப்பச்சன் கண்ணாடி டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, “இதில் ஒன்றும் கலக்கவில்லையே மோனே?” என்றாராம். கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். இவனும் சிரித்தான். ராத்திரி எனக்குப் போன் போட்டு, “நானும் சிரிச்சுட்டேன் அண்ணே” என்றான். திரும்பத் திரும்ப அதையே சொன்னான்.

அப்புறம்தான் உங்களைக் கூப்பிட்டேன். “ஆயர் பிதாவு ஆதாரம் இல்லாமல் பேச மாட்டார், நீ இதை உன் மேல் எடுத்துக்கொள்ளாதே” என்றீர்கள். சரி என்று வைத்துவிட்டேன். பேச்சு நின்றது அங்கேதான்.

ஆதாரம் என்றீர்கள் அல்லவா? இரண்டு வாரத்தில் முதல்வர் பினராயி விஜயன் கணக்கை வெளியிட்டார். 2020இல் கேரளத்தில் பதிவான போதைப்பொருள் வழக்குகள் 4,941, குற்றம் சாட்டப்பட்டவர்கள் 5,422 பேர். இதில் இந்துக்கள் 49.80 சதவீதம், முஸ்லிம்கள் 34.47, கிறிஸ்தவர்கள் 15.73. மக்கள்தொகையில் நாங்கள் 26 சதவீதத்துக்குச் சற்று மேல், ஆக எங்கள் பங்கு கொஞ்சம் கூடுதல்தான். அதை மறைக்க மாட்டேன். கஞ்சா விற்கிறவனைப் பிடித்து உள்ளே போடுங்கள், எங்கள் ஜமாஅத்தே கைதட்டும். ஆனால் அவன் மதத்துக்காக விற்கிறான் என்பதற்கு அந்தக் கணக்கில் ஒரு வரிகூட இல்லை. லவ் ஜிகாத்தும் அப்படித்தான். 2020 ஜனவரியில் உங்கள் சபையின் ஆயர் மன்றமான சினட் அதைப் பற்றி அறிக்கை விட்டது. அடுத்த மாதமே மத்திய அரசு, அப்படி ஒரு வழக்கு எந்த மத்திய அமைப்பிலும் பதிவாகவில்லை என்று நாடாளுமன்றத்தில் பதில் சொன்னது. அந்த அரசுக்கு எங்கள் மேல் தனிப் பாசம் உண்டு என்று நீங்களே சொல்ல மாட்டீர்கள்.

இருந்தாலும் உங்கள் ஆட்களின் பயம் வெறும் கற்பனை என்று நான் சொல்லவில்லை. 2016இல் கேரளத்திலிருந்து 21 பேர் ஐ.எஸ். அமைப்பில் சேரக் கிளம்பி ஆப்கானிஸ்தானுக்குப் போனார்களே, அவர்களில் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர்களும் இருந்தார்கள். பெற்ற அம்மச்சிக்கு சதவீதக் கணக்கு என்ன ஆறுதல் தரும்? சிறுபான்மையினர் உதவித்தொகையில் முஸ்லிம்களுக்கு 80, கிறிஸ்தவர்களுக்கு 20 என்று பிரித்திருந்ததும் உங்கள் பக்கத்தில் நெடுநாளாகப் புகைந்துகொண்டிருந்தது. 2021 மே மாதம் உயர்நீதிமன்றம் அதை ரத்து செய்தபோது நியாயம்தானே என்று எனக்கே தோன்றியது. இங்கே சிலருக்கு அதனால் என் மேல் கோபம்.

ஆனால் உங்கள் பக்கத்து ஆட்களின் வயிற்றெரிச்சலுக்கு மூலம் நாங்கள் அல்ல அச்சா, ரப்பர். உங்கள் வீட்டில் முதல்முறை தங்கியபோது ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைப்புரையிலிருந்து வந்த அந்தப் புளித்த, கருகிய வாடை எனக்குப் பிடிக்கவே இல்லை. “அது காசு வாசனை” என்று உங்கள் அப்பச்சன் சிரித்தார். 2011இல் கிலோ 240 ரூபாய் வரை போனது. ஐந்தே வருடத்தில் நூறுக்கும் கீழே. மரத்தில் பால் இறக்குபவனுக்குக் கூலி கட்டவில்லை, தோட்டம் சும்மா கிடக்கிறது, பிள்ளைகள் கனடாவுக்கும் இங்கிலாந்துக்கும் போய்விட்டார்கள், பெரிய வீட்டில் கிழவனும் கிழவியும் மட்டும். முஸ்லிம்கள் அதிகம் இருக்கும் பக்கத்து ஈராட்டுபேட்டையில் வளைகுடாப் பணத்தில் புதுக் கட்டடம் எழும்புகிறது. கண்ணை உறுத்தத்தான் செய்யும். 2023 மார்ச்சில் தலச்சேரி பேராயர் ஜோசப் பாம்ப்ளானி, மத்திய அரசு ரப்பரைக் கிலோ 300 ரூபாய்க்கு எடுத்தால் கேரளத்திலிருந்து ஒரு எம்.பி.கூட இல்லை என்ற பாஜகவின் குறையைத் தீர்த்துவைப்போம் என்றார். எல்லோரும் அவரைத் திட்டினார்கள். எனக்கு அவர் மேல் ஒரு மரியாதைதான் வந்தது. வியாதியின் பெயரை நேராகச் சொன்னவர் அவர்தான்.

எங்கள் பக்கத்துக்கும் வருகிறேன். 2020இல் துருக்கி ஹாகியா சோஃபியாவை மறுபடி மசூதியாக்கியபோது, முஸ்லிம் லீக் தலைவர்களில் ஒருவரான பாணக்காடு சாதிக்கலி தங்கள், கட்சியின் ‘சந்திரிகா’ பத்திரிகையில் அதை வரவேற்று எழுதினார். இஸ்தான்புல் எங்கே, மலப்புறம் எங்கே? 537இல் தேவாலயமாகக் கட்டிய இடம் அது. பக்கத்து வீட்டில் எப்படிக் கேட்கும் என்று ஒரு நொடி யோசித்திருக்கலாம்.

அதைவிட எனக்கு உறுத்துவது 2010 ஜூலை 4. ஞாயிற்றுக்கிழமை, மூவாற்றுப்புழை. குடும்பத்தோடு பூசை முடிந்து காரில் திரும்பிக்கொண்டிருந்த பேராசிரியர் டி.ஜே. ஜோசப்பை வழிமறித்து வலது கையை வெட்டினார்கள். தொடுபுழைக் கல்லூரியில் அவர் தயாரித்த ஒரு வினாத்தாள் நபியை இழிவுபடுத்தியது என்று சொல்லி. அதற்கடுத்த வெள்ளிக்கிழமை எங்கள் ஊர்ப் பள்ளிவாசலில் குத்பா பிரசங்கத்துக்குக் காத்திருந்தேன். அதைப் பற்றி ஒரு வார்த்தை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. தொழுகை முடிந்து வெளியே செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது இமாம் பக்கத்தில்தான் நின்றார். கேட்டிருக்கலாம். செருப்பு கிடைத்தது, போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். அந்தப் பேராசிரியரை அவர் வேலை பார்த்த கல்லூரியும் வெளியே அனுப்பியது. அது உங்கள் பக்கத்துக் கணக்கு, நீங்களே பாருங்கள்.

குறவிலங்காட்டிலேயே நடந்த இன்னொன்றை நீங்கள் கவனித்தீர்களா? ஆயர் பேசி நாலு நாள் கழித்து, செப்டம்பர் 12, ஞாயிறு. கன்னியர் மடத்துச் சிற்றாலயத்தில் பூசை வைத்த சாமியார், முஸ்லிம் கடைகளை ஒதுக்குங்கள் என்கிற மாதிரி பேச ஆரம்பித்தார். கன்னியர் சிலர் எழுந்து வெளியே வந்துவிட்டார்கள். 2018இல் ஒரு ஆயருக்கு எதிராகக் கொச்சியில் உட்கார்ந்து போராடிய அதே சகோதரிகள். ஏற்கெனவே திருச்சபைக்குள் தனியாகிப்போனவர்கள், இதற்கும் எழுந்தார்கள். பூசை நடுவே எழுந்து போவது உங்கள் வழக்கத்தில் எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும். எங்களிடம் குத்பா நடக்கும்போது பக்கத்தில் இருப்பவனை “சும்மா இரு” என்று சொல்வதே தப்பு. அதனால் அந்தச் செய்தியைப் படித்தபோது முதலில் என் செருப்புதான் ஞாபகம் வந்தது, நீங்கள் அடுத்துத்தான்.

நீங்கள் ஆயரை எதிர்த்து அறிக்கை விட்டிருக்க வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. உங்கள் வேலை, உங்கள் கீழ்ப்படிதல் எல்லாம் தெரியும். அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஒரு ஷார்ஜா ஷேக் குடிக்கப் போயிருக்கலாம். அங்கியோடு. பத்து நிமிடம் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் பாலா முழுக்கத் தெரிந்திருக்கும். அவன் 2022இல் கடையை மூடிவிட்டு ஷார்ஜாவுக்கே போய்விட்டான். மூடியதற்குப் பிரசங்கம்தான் காரணம் என்று சொன்னால் பொய்யாகிவிடும், கொரோனாக் கடனும் இருந்தது. விழாவுக்கு அவனுக்கும் ஒரு அழைப்பிதழ் அனுப்புங்கள். வர மாட்டான், ஆனாலும் அனுப்புங்கள்.

நான் குமுளி வழியாகக் காலை பஸ்ஸில் வருகிறேன். கம்பம் பன்னீர் திராட்சை இரண்டு பெட்டி கொண்டுவருகிறேன். 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்த கொடியாம் அது, 2023இல் புவிசார் குறியீடுகூடக் கிடைத்துவிட்டது. அதனால் உங்கள் சொத்தைத்தான் உங்களிடம் சேர்க்கிறேன். அதை உங்கள் அம்மச்சி பரணி ஜாடியில் போட்டு ஊறவைத்து என்ன செய்வார் என்று நான் கேட்கப் போவதில்லை. இரண்டு பெட்டி போதுமா, மூன்று வேண்டுமா என்று மட்டும் சொல்லுங்கள்.

உங்கள்
ராவுத்தர்