ஜல்லிக்கு அடியில் இருப்பது

பொன்மலை,
ஆகஸ்ட் 12

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் தாமதமானதற்கு முழங்கால் வலி பாதிக் காரணம், நீ கேட்டிருந்த கேள்வி மீதிக் காரணம். ஒரு அட்டையில் நாலு வரி எழுதி முடிக்கும் கேள்வியா அது?

வீட்டுச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். மகளுக்கு மதுரைக்கே மாற்றல் கிடைத்துவிட்டது. அவள் அம்மாவுக்கு அதனால் முகமே மாறிவிட்டது. கண் அறுவைச் சிகிச்சை நல்லபடி முடிந்தது; இதைக் கண்ணாடி இல்லாமல்தான் எழுதுகிறேன். விடுதியில் நம் அறைக்கு எதிர் அறையில் இருந்தானே, மத்தளம் வாசிப்பவன், அவன் சென்ற மாதம் காலமானான். உனக்குத் தெரிந்திருக்காது என்றுதான் எழுதுகிறேன். அதைப் பற்றி நேரில் பேசுவோம்.

இனி உன் பேத்தியின் கேள்வி. உங்கள் தூத்துக்குடிப் பக்கம் 2023 டிசம்பரில் வந்த வெள்ளத்தின் படத்தைப் பார்த்துவிட்டு, "தண்டவாளம் ஏணி மாதிரி தொங்குகிறதே, அடியில் இருந்த கல் எல்லாம் எங்கே போயிற்று, முதலிலேயே கான்கிரீட் போட்டிருக்கக் கூடாதா?" என்று கேட்டாளாம். நீ தமிழாசிரியன், உன்னால் பதில் சொல்ல முடியவில்லை என்று என்னிடம் தள்ளிவிட்டாய். முப்பத்தைந்து வருடம் தண்டவாளத்தோடு நடந்தவன் நான். அவள் கேட்டது எங்கள் தொழிலின் அடிப்படைக் கேள்வி.

அந்த டிசம்பர் 17ஆம் தேதி இரவு நீ ஊரில்தான் இருந்தாய். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயிலை ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்திவிட்டார்கள். சுமார் 800 பேர். அதற்கு அப்பால் செய்துங்கநல்லூர் பக்கம் ஜல்லியும் கரையும் கரைந்து, தண்டவாளம் மட்டும் அந்தரத்தில் நின்றது. அந்த நிறுத்தம் இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைத்தால் இன்றும் எனக்குத் தூக்கம் கலைந்துவிடும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்குப் பெய்தது. உங்கள் மாவட்டத்தில் ஒரு வருடத்துக்குப் பெய்வதைவிட அது அதிகம். ரயில்வேக் கரை என்பது குளத்துக்கும் வயலுக்கும் குறுக்கே போட்ட நீண்ட மண் மேடு. அத்தனை தண்ணீரும் வந்து சாய்ந்தால் அது அணைக்கட்டாகிவிடும். ஆனால் அணையாக நிற்பதற்காக யாரும் அதைக் கட்டவில்லை. தண்ணீர் மேலேறி மறுபக்கம் வழியும்போது முதலில் ஜல்லியை உருட்டிக்கொண்டு போகும். பிறகு விழுகிற பக்கத்துச் சரிவை அடியிலிருந்து அரிக்கும். தண்டவாளமும் அதைக் குறுக்கே தாங்கும் கட்டைகளும் ஒன்றோடொன்று பூட்டப்பட்டிருப்பதால் அவை மட்டும் மிஞ்சித் தொங்குகின்றன.

அப்படியானால் உதிரிக் கல் எதற்கு? அதைக் குழந்தைக்கு இப்படிச் சொல். சரக்கு வண்டியின் ஒரு சக்கரம் தண்டவாளத்தைத் தொடும் இடம் அவள் கட்டைவிரல் நகத்தின் அளவுதான். அந்த நகத்தின்மேல் பத்து டன்னுக்கு மேல் பாரம். அதை அப்படியே மண்ணில் இறக்கினால் சக்கரம் சேற்றில் இறங்கிவிடும். தண்டவாளம் அந்தப் பாரத்தை நாலைந்து கட்டைகளுக்குப் பகிர்ந்து கொடுக்கிறது. கால் டன்னுக்கும் மேல் எடையுள்ள கான்கிரீட் கட்டை தன் அகலத்துக்குப் பரப்புகிறது. அதற்குக் கீழே ஓரடி ஆழத்துக்கோ சற்று அதிகமாகவோ இருக்கும் ஜல்லி, கல்லுக்குக் கல் கைமாற்றி, மண் தாங்கும் அளவுக்குப் பாரத்தை மெலிய வைக்கிறது. ஆற்றுக் கூழாங்கல்லைப் போட்டால் உருண்டு ஓடிவிடும். அதனால்தான் கருங்கல்லை உடைத்து, முனை மழுங்காமல், 20 மில்லிமீட்டரிலிருந்து 65 மில்லிமீட்டர் வரை சலித்து எடுக்கிறோம். முனையும் முனையும் கோத்துக்கொண்டால் பிடிப்பு. நடுவில் இருக்கும் இடைவெளியில் தண்ணீர் இறங்கி வெளியேறிவிடும்.

வெயிலுக்கும் அதே ஜல்லிதான் காவல். இப்போது தண்டவாளங்களைக் கிலோமீட்டர் கணக்கில் பற்றவைத்துவிடுகிறார்கள். இளவயதில் நாம் கேட்ட "தடக் தடக்" ஓசை அதனால்தான் போய்விட்டது. ஒரு கிலோமீட்டர் இரும்புக்கு 30 டிகிரி சூடு ஏறினால், விட்டுவிட்டால் 35 சென்டிமீட்டர் நீளும். நீள இடமில்லை. ஆகவே அந்த நீட்சி முழுவதும் உள்ளுக்குள் அழுத்தமாக நிற்கிறது. ஒரு தண்டவாளத்துக்குள் ஐம்பது டன்னுக்கு மேல். சித்திரை மத்தியானத்தில் அது பாம்பாய் நெளியாமல் பிடித்து நிறுத்துவது கட்டைகளின் இடையிலும் ஓரங்களிலும் குவித்திருக்கும் ஜல்லி. ஓரத்துக் குவியலை வீடு கட்ட அள்ளிப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும். எத்தனை தடவை சண்டை போட்டிருக்கிறேன்!

கான்கிரீட் பாதை இல்லாமல் இல்லை. சென்னை மெட்ரோவில் ஜல்லி கிடையாது. ஜப்பானில் 1964இல் டோக்கியோ–ஒசாகா அதிவேகப் பாதையை ஜல்லியில்தான் போட்டார்கள். இரவுதோறும் அதைச் சரிசெய்யும் வேலை பெரும் பாரமானதால், அடுத்து 1970களில் மேற்கே சான்யோ பாதையை நீட்டியபோது கான்கிரீட் பலகைக்குப் போனார்கள். சுரங்கத்திலும் உயர்த்திய பாலத்திலும் அது அருமையான பாதை. ஏனென்றால் அங்கே அடித்தளம் அசையாது. ஆனால் கரிசல் மண்ணில் போட்ட கரை மழைக்கு ஊதும், கோடைக்குப் பிளக்கும், வருடக்கணக்கில் அமுங்கும். ஜல்லிப் பாதை தாழ்ந்தால் தூக்கி ஜல்லியை இறுக்கிவிடலாம். கான்கிரீட் பலகை தாழ்ந்தால் பிளந்துகொள்ளும். அதைச் சரிசெய்யப் பாதையையே மூட வேண்டும். உங்கள் ஊரில் அந்த இரவு பலகையே இருந்திருந்தாலும், அடியில் மண் போன பின் அது எதன்மேல் நிற்கும்?

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் படிக்காத ஒரு கேங்மேன், தண்டவாளத்தைப் பராமரிக்கும் தொழிலாளி. கோவில்பட்டிக்குத் தெற்கே எனக்குப் பொறுப்பு வந்த புதிதில் ஓரிடம் ஓயாமல் தாழ்ந்துகொண்டே இருந்தது. கட்டைகளின் ஓரத்தில் வெள்ளையாகச் சேறு காய்ந்து கிடக்கும். வண்டி போகும்போது கட்டை சேற்றைக் கக்கும். மாதம் ஒரு தடவை ஆட்களை நிறுத்தி, பீட்டர் என்கிற இரும்புக் கருவியால் அடித்து ஜல்லியை இறுக்குவோம். அடுத்த மழைக்கு மறுபடி தாழும். நான் புது ஜல்லி கேட்டு மேலிடத்துக்கு எழுதினேன், வந்தது, கொட்டினோம், அதையும் விழுங்கியது. அந்தப் பெரியவர் ஒருநாள் சொன்னார்: "ஐயா, மேலே போடுவதை நிறுத்துங்கள். கரை தண்ணீர் குடித்திருக்கிறது. வயிற்றைத் திறந்து பாருங்கள்."

கோடையில், வண்டிகளின் வேகத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு, கரையைப் பக்கவாட்டில் வெட்டினோம். மூன்றடிக்கும் கீழே என் ஜல்லி இருந்தது! பல வருடங்களாகக் கொட்டிய கல் எல்லாம் களிமண்ணுக்குள் இறங்கி ஒரு குழி போலக் கிடந்தது. அந்தக் குழியில், ஆறு மாதமாக மழையே இல்லாத அந்த மாதத்தில், தண்ணீர் நின்றது. களிமண் கிண்ணம்; வெளியே போக வழியில்லை. ஒவ்வொரு வண்டியும் அதை உலக்கை போல இடித்து, மண்ணைக் குழம்பாக்கி மேலே தள்ளிக்கொண்டிருந்தது. நாங்கள் செய்தது ஒன்றே ஒன்றுதான். கரையின் குறுக்கே சாய்வான வடிகால்கள் வெட்டி, கல் நிரப்பி, கிண்ணத்தின் ஓரத்தை உடைத்துவிட்டோம். மூன்று நாள் தண்ணீர் வடிந்தது. ஜல்லிக்கும் களிமண்ணுக்கும் நடுவே மணலும் சரளையும் கலந்த படலம் போட்டு மூடினோம். நான் அந்தப் பிரிவில் இருந்த மிச்ச ஆறு வருடங்களில் அந்த இடத்துக்கு நாங்கள் திரும்பிப் போகவே இல்லை.

அந்த மணல் படலத்தைத்தான் இன்று புதுப் பாதைகளில் விதியாகவே வைத்திருக்கிறார்கள். மண்ணின் தன்மையைப் பொறுத்து ஒரு மீட்டர் வரை கனம் வரும். பொடி முதல் சரளை வரை எல்லா அளவும் கலந்திருக்க வேண்டும். அப்போதுதான் களிமண் மேலேறாது, கல் கீழே இறங்காது, தண்ணீர் மட்டும் பக்கவாட்டில் போகும். கரையின் தலை நடுவில் உயர்ந்து இருபுறமும் முப்பதுக்கு ஒன்று என்ற அளவில் சரிந்திருக்க வேண்டும். பாதை போடும் ஒப்பந்தத்தில் முதலில் கை வைக்கப்படுவது இந்தப் படலத்தில்தான் என்பது என் வருத்தம். மேலே ஜல்லி மூடிவிட்டால் அடியில் என்ன இருக்கிறது என்று யார் தோண்டிப் பார்க்கப் போகிறார்கள்? நான் பொறுப்பில் இருந்த ஓரிடத்திலேயே அரையடிக்குப் பதில் மூன்று விரற்கடை போட்டிருந்ததைக் கண்டுபிடித்தேன். இப்போது ரேடார் அலையைக் கரைக்குள் செலுத்தி, வண்டியில் போய்க்கொண்டே படலத்தின் கனத்தையும் ஈரத்தையும் அறியும் கருவி இருக்கிறது. அது எங்கும் வர வேண்டும் என்பது என் ஆசை.

ஜல்லியும் சாகாத பொருள் இல்லை. இயந்திரம் இரும்பு விரல்களை இறக்கி ஒவ்வொரு தடவை இறுக்கும்போதும் கல்லின் முனை உடைந்து பொடியாகிறது. பொடி இடைவெளியை அடைத்தால் பிடிப்பும் போயிற்று, வடிகாலும் போயிற்று. அடிக்கடி இறுக்கினால் பாதுகாப்பு என்று நினைப்பது தவறு. ஆஸ்திரேலியாவில் நீண்டகாலம் ஜல்லியை ஆராய்ந்த புத்திம இந்திரரத்ன, இலங்கையில் பிறந்தவர், பழைய டயர் ரப்பரைப் பாயாக்கி ஜல்லிக்கு அடியில் விரித்து, கல் உடைவதைக் குறைத்துக் காட்டியிருக்கிறார். செயற்கை வலைகளை விரித்துக் கல் பக்கவாட்டில் நகராமல் கட்டவும் செய்கிறார்கள். எனக்கு இந்த வேலைகளின்மேல் பெரிய மதிப்பு. ஆனால் அடியில் தண்ணீருக்கு வழி வைக்காமல் வலையும் பாயும் விரித்தால், ஓட்டைக் கூரையின் கீழ் புதுப் பாய் போட்ட கதைதான்.

1956 நவம்பரில் அரியலூர் அருகே மருதையாற்று வெள்ளத்தில் பாலத்தை ஒட்டிய கரை அரித்துப்போய், தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்ததை என் அப்பா சொல்லி அழுதிருக்கிறார். நூற்று நாற்பது பேருக்கு மேல் மாண்டார்கள். லால் பகதூர் சாஸ்திரி ரயில்வே அமைச்சர் பதவியை விட்டு விலகியது அதன் பிறகுதான். அன்றும் தோற்றது இரும்பு இல்லை, மண்.

ஆகவே தாமிரபரணிப் பக்கத்துக் கரைகளுக்கு என்னிடம் கேட்டால், முதலில் கரைக்கு அடியில் தண்ணீர் கடக்கும் சின்னப் பாலங்களைப் பெருக்கு என்பேன். குளங்கள் உடைந்தால் தண்ணீர் எந்தப் பக்கம் திரும்பும் என்பதை ஊர்க்காரர்களிடம் கேட்டு, அங்கே திறப்பு வை. கரையின் சரிவைக் கல் பதித்து மூடு. மற்ற இடத்தில் வெட்டிவேர் நடு. எலி வளையையும் நண்டு வளையையும் ஐப்பசிக்கு முன் அடை. சின்ன வளைதான் வெள்ளத்தில் குகையாகிறது. பெரிய பணம் வேண்டாத வேலைகள் இவை. பழைய கேங்குகளில் ஆள் இருந்தபோது இவை நடந்தன. ஆளைக் குறைத்த பின் யார் கரையோடு நடந்து வளையைப் பார்ப்பது?

உனக்கு ஒரு வேலை தருகிறேன். காலையில் நீ நடக்கப் போகும் வழியில், ஸ்டேஷனுக்கு மேற்கே வாய்க்காலுக்குச் சின்னப் பாலம் ஒன்று இருக்கிறது என்று எழுதியிருந்தாய். அதன் இருபக்கமும் குனிந்து பார். பனை மட்டையோ பிளாஸ்டிக் பையோ அடைத்திருக்கிறதா, நீர் வந்து மோதும் பக்கத்தில் கரையடி அரித்திருக்கிறதா என்று பேத்தியைக் கூட்டிப்போய்க் காட்டி, அவள் கையால் ஒரு படம் வரைந்து அனுப்பச் சொல். புரட்டாசி கடைசியில் நான் வருகிறேன். அந்தப் படத்தை வைத்துக்கொண்டு நாம் மூவரும் கரையோடு ஒரு மைல் நடப்போம். அடைப்பு இருந்தால், மழைக்கு முன் யாரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும்.

வீட்டில் அனைவருக்கும் என் அன்பைச் சொல்.

என்றும் உன்,
பழைய அறைத்தோழன்