துணைப்புயலும் வயதான டிடெக்டரும்

சிங்கப்பூர்

அன்புள்ள மாறா,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். தேக்காவில் தீபாவளிக் கூட்டம் கால் வைக்க விடுவதில்லை.

நீ அனுப்பிய நோவா-15 செயற்கைக்கோளின் புரோட்டான் வரைபடத்தைப் பார்த்தேன். அதில் உள்ள திசைச் சமநிலை எல்லையை, அதாவது எல்லாத் திசையிலும் புரோட்டான் ஒரே அளவில் வரத் தொடங்கும் இடத்தை, அப்படியே நம்பிவிடாதே. அதன் இரண்டு புரோட்டான் டிடெக்டர்களில் 0 டிகிரி டிடெக்டர் வானை நோக்கி நிற்கிறது. துருவப் பகுதியில் அதில் விழுபவை வளிமண்டலத்துக்குள் இறங்கப்போகும் புரோட்டான்கள். 90 டிகிரி டிடெக்டர் பார்ப்பது காந்தப்புலத்தில் சிக்கி அலைபவற்றை. அதற்குத்தான் அடி அதிகம். பல வருடம் புரோட்டான் பட்டுப் பட்டு சிலிக்கான் கெட்டுப்போகும், மின்னூட்டம் முழுசாகச் சேராது. 30 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் என்று குறித்த கீழ் வரம்பு (பதிவாகத் தேவையான குறைந்த ஆற்றல்) மெல்ல ஏறிவிடும், எண்ணிக்கை குறையும். 90-இல் கூடுதலாகக் குறைவதால், 0-வை 90-ஆல் வகுத்த விகிதம் தானாகச் சமநிலையைக் காட்டும் 1-ஐத் தொடும், தாண்டவும் செய்யும். உன் படத்தில் பல இடங்களில் தாண்டியிருக்கிறது. அது துணைப்புயலின் (பூமியின் காந்த வாலில் சேர்ந்த ஆற்றல் திடீரென வெளிப்படும் கொந்தளிப்பு) வேலை இல்லை.

இதனால் எல்லை நடுக்கோட்டுப் பக்கம் நகர்ந்ததுபோலத் தெரியும். துணைப்புயலுக்கு முன் பூமியின் இரவுப்பக்க வால்பகுதிக் காந்தக்கோடுகள் நீளும்போது நிஜமாகவே அது அப்படித்தான் நகரும்: கோட்டின் வளைவு ஆரம், புரோட்டான் சுழலும் ஆரத்தைப்போல் சுமார் 8 மடங்குக்குக் கீழே போனால் சிதறல் பலமாகி விழத் தொடங்கும். டிடெக்டரின் வயதைக் கழிக்காமல் இரண்டையும் பிரிக்க முடியாது. நோவா-19 ஏவியது 2009-இல். அதன் டிடெக்டர்கள் புதிதாக இருந்த முதல் வருடத் தரவை எடுத்து, அதே காந்த அகலாங்கு, அதே காந்த நேரம் (சூரியனை வைத்துக் கணக்கிடும் உள்ளூர் நேரம்), ஒரே அளவு கொந்தளிப்பு என்று பொருத்தி, ஒவ்வொரு டிடெக்டருக்கும் தனித்தனியாக வரம்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று கணக்கிடு. இரண்டுக்கும் ஒரே திருத்தம் போட்டால் பயனில்லை.

இன்னொன்று, 16 விநாடி சராசரி வேண்டாம். அதற்குள் செயற்கைக்கோள் 120 கிலோமீட்டர் போய்விடும். எல்லைக்கு நடுக்கோட்டுப் பக்கம் மாலை நேரத்தில் வரும் குறுகிய கூர்முனைகள், அயன் சைக்ளோட்ரான் அலைகள் (அயனிகளின் சுழற்சியோடு ஒத்திசையும் மின்காந்த அலைகள்) தள்ளிவிடுபவை, கரைந்தே போகும். 2 விநாடித் தரவே எடு. அங்கே உயர் ஆற்றல் புரோட்டான் பிரிவுகளில் பி5 சும்மா இருக்க, அதற்கு மேலுள்ள பி6 மட்டும் எகிறினால் புரோட்டான் என்று எழுதிவிடாதே. வேகமான எலெக்ட்ரான்களும் பி6-இல் பதிவாகும்.

திருத்திய கோப்பை அனுப்பு, பார்க்கிறேன். அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

அன்புடன்,
கதிர்