முகப்புத் தகடும் பனையோலைப் பட்டையும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

களியக்காவிளையில் 22 வருடமாகத் தகடு வேலைப் பட்டறை வைத்திருக்கிறேன். மார்த்தாண்டம் பக்கமும் போவேன், பாறசாலைப் பக்கமும் போவேன். இந்த இடவப்பாதி மழையில் ஒரு ஜவுளிக்கடையின் எலிவேஷனிலிருந்து, அதாவது முன்முகப்பிலிருந்து, ஏ.சி.பி. என்கிற அலுமினியம் ஒட்டிய பிளாஸ்டிக் ஷீட் பிய்ந்து விழுந்து, கீழே நின்ற ஆட்டோவின் கூரையைக் கிழித்துவிட்டது. ஓட்டுநர் டீ குடிக்க இறங்கியிருந்ததால் தப்பினார். மிச்சத்தைக் கழற்ற என்னைக் கூப்பிட்டார்கள். உள்ளே சதுர பைப்பில் திருகு ஏறிய இடமெல்லாம் துரு. விரலால் அழுத்தினாலே பொத்துக்கொண்டது. வெளியே பார்த்தால் புதுக் கருக்கு அழியவில்லை.

விலை குறைந்த ஷீட்டில் இரண்டு பக்கமும் கால் மில்லிமீட்டர் அலுமினியம், நடுவில் பிளாஸ்டிக். தன் காலில் நிற்க அதற்குத் தெம்பில்லை. பாரமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத பைப்பின் மேல். தீ பிடித்தால் அந்தப் பிளாஸ்டிக் என்ன செய்யும் என்பதை 2017-இல் லண்டன் கிரென்ஃபெல் டவரில் பார்த்தோம். 72 பேர் இறந்தார்கள்.

தகட்டையே தாங்க வைக்கலாம். சின்ன வயதில் அக்கானி (பதநீர்) குடிக்கப் பாட்டி பனையோலையில் பட்டை பிடித்துத் தருவார். விரித்தால் துவளுகிற ஓலை, மடித்ததும் விறைப்பாக நின்று அரைப்படி அக்கானியைத் தாங்கும். தகடும் அப்படித்தான். கொல்லுப்பட்டறையில் தொழில் படித்த பிரெஞ்சு வடிவமைப்பாளர் ழான் புரூவே, 1930-களிலேயே பாரிசுக்குப் பக்கத்தில் கிளிஷியில் மடித்த தகட்டுப் பலகைகளால் சுவர் எழுப்பினார்; இரண்டு தகட்டுக்கு நடுவே ஸ்பிரிங் வைத்து விறைப்பேற்றினார். கனடாவின் எட்மன்டனில் ஒரு பூங்காவில், மெல்லிய அலுமினியப் பட்டைகளை வளைத்து ரிவெட் அடித்த மண்டபம் 2014 முதல் நிற்கிறது. உள்ளே சட்டமே கிடையாது, வளைவுதான் அதற்குப் பலம்.

என் மகனும் நானும் ஒரு மருந்துக்கடைக்குச் செய்து பார்த்தோம். ஒன்றரை மில்லிமீட்டர் அலுமினியத் தகடு, 50 மில்லிமீட்டர் ஆழ மடிப்பு, மூன்று மீட்டர் உயரம். பின்னால் பைப் இல்லை, மேலும் கீழும் மட்டும் பிடிப்பு. மூன்று மீட்டர் அலுமினியம் 30 டிகிரி சூடேறினால் இரண்டு மில்லிமீட்டர் நீளும். அதனால் மேல் திருகுத் துளைகளை நீளவாக்கில் வெட்டினோம். உப்புக்காற்றில் எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) திருகு அலுமினியத்தை அரித்துவிடும் என்று நடுவே நைலான் வாஷர் போட்டோம். மூன்று மழைக்காலம் ஆகிவிட்டது, இன்னும் ஆட்டம் இல்லை. தகட்டு விலை கூடுதல்தான், சரி. பைப்பும் வெல்டிங்கும் மிச்சமாகிறதே. ஆனால் இரண்டு மூன்று மாடி உயரத்துக்குப் போனால் பொறியாளர் காற்றுக்கணக்குப் போட்டே ஆக வேண்டும்.

எங்கள் மாவட்ட ஐ.டி.ஐ.களில் இந்த மடிப்பு வேலையையும் கற்றுக்கொடுக்க வேண்டும். கட்டட அனுமதி தரும் அதிகாரிகள், எலிவேஷனுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று வரைபடம் கேட்க வேண்டும். ஏற்கெனவே ஏ.சி.பி. ஒட்டிய கடைகளில் ஐப்பசி மழைக்கு முன்பு ஏணி வைத்து ஏறி, ஒரு ஷீட்டையாவது கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தகடு வேலைக்காரர் ஒருவர்,
களியக்காவிளை