படகைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள்

பர்மிங்காம், அலபாமா
ஜூலை 2022

அன்பு நண்பா,

நலம், நலமறிய ஆவல். உன் மூன்று கடிதங்களுக்குப் பதில் எழுதாமல் இருந்தது என் தவறுதான், பொறுத்துக்கொள். அம்மாவின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது அறிந்து நிம்மதியடைந்தேன். இன்று எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், ஒலிம்பிக்கில் இல்லாத விளையாட்டுகளுக்காக இங்கே நடக்கும் வேர்ல்ட் கேம்ஸ் உலக விழாவில் நான் பார்த்த படகு மாரத்தான்; நெடுந்தூரம் துடுப்பு போட்டு, நடுநடுவே கரையேறிப் படகைத் தூக்கிக்கொண்டு ஓடும் பந்தயம் அது.

படகுப் பந்தயத்துக்குத் தோள் வலிமை இருந்தால் போதும் என்று விடுதி மாடியில் விடிய விடிய வாதாடினாயே, அதில் நீ தோற்றுவிட்டாய். நகருக்குத் தெற்கே ஓக் மவுண்டன் பூங்காவின் ஏரியில், கரையேறும் இடத்துக்குப் பக்கத்திலேயே நின்றேன். படகு நிற்பதற்கு முன்பே வீரர் கால்களை வெளியே எடுத்துக் குதிக்கிறார். உட்காரும் குழியின் விளிம்பை ஒரு கையால் பற்றித் தூக்கி, மறுகையில் துடுப்புடன் ஓடுகிறார். மறுபடி நீரில் படகை வைத்து ஏறும்போது அது ஓர் அங்குலம் சாய்ந்தாலும் கவிழ்ந்துவிடும். ஒருவருடைய முழங்காலிலிருந்து இரத்தம் ஈரத்தோடு கலந்து வழிந்தது. அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. ஒருவர் மட்டும் உட்கார்ந்து செலுத்தும் ஒடுங்கிய படகான ஒற்றையர் கயாக்கின் நீளம் 5.20 மீட்டர் வரை இருக்கலாம். குறுந்தூரப் பந்தயத்தில் அதன் எடை 12 கிலோவுக்குக் குறையக் கூடாது; மாரத்தானில் 8 கிலோ போதும், சுமந்து ஓட வேண்டுமே! இப்படிப் படகைச் சுமந்து ஓடுவதைத்தான் போர்ட்டேஜ் என்கிறார்கள்.

நீரில் இன்னொரு நுட்பம். முன்னே செல்லும் படகு எழுப்பும் அலையின்மேல் தன் படகை ஏற்றி வைத்துக்கொண்டால் பின்னால் வருபவருக்கு உழைப்பு மிச்சம். ஆகவே யாரும் முன்னால் போக விரும்பாமல் ஒருவரையொருவர் நோட்டமிட்டுக்கொண்டே வருகிறார்கள். அந்தக் கூட்டத்தை உடைப்பது பெரும்பாலும் தரையில் ஓடும் அந்தச் சில விநாடிகள்தான்.

என் மனத்தை அரிப்பது வேறு. 1936 முதல் 1956 வரை ஒலிம்பிக்கிலேயே 10,000 மீட்டர் கயாக் பந்தயம் இருந்தது; சுவீடனின் கெர்ட் ஃபிரெட்ரிக்சன் 1948இலும் 1956இலும் அதில் தங்கம் வென்றார். அதன்பின் அதை எடுத்துவிட்டார்கள். நெடுந்தூரத்தை நம்பிப் பயிற்சி செய்பவருக்கு, பல விளையாட்டுகள் கூடும் உலக விழாவில் இப்போது இந்த ஒரு மூலைதான் மிச்சம். உலக சாம்பியன்ஷிப்பில் 30 கிலோமீட்டரை ஒட்டித் துடுப்பு போடும் மனிதர்களை இப்படி ஒதுக்கி வைத்திருப்பது அநியாயம் என்றே நினைக்கிறேன்.

தென்னாப்பிரிக்காவின் டூசி பந்தயத்தைப் பற்றி நீ அவசியம் படிக்க வேண்டும். 1951இல் இயன் பிளேயரும் மற்ற எழுவரும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்குப் படகில் கிளம்பினார்கள். வழியில் பாம்பு கடித்தும், ஆறு நாட்களுக்கு மேல் போராடிக் கரைசேர்ந்தவர் பிளேயர் ஒருவர் மட்டுமே. இன்றும் அங்கே படகைத் தோளில் வைத்துக் குன்றேறி ஓடுகிறார்கள்.

அடுத்த வேர்ல்ட் கேம்ஸ் 2025இல் சீனாவின் செங்டுவில். இருவருமாகப் போய்வருவோமா? அந்தப் பரிசல் கதையை அண்ணியிடம் இதுவரை சொல்லவில்லை. நீ வர மறுத்தால் சொல்லிவிடுவேன்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்