கிரகணத்தன்று நின்ற உலக்கை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் கிரகணங்களைப் பற்றி வந்த நான்கு பக்கக் கட்டுரையில் மூன்றே முக்கால் பக்கம் நன்றாகவே இருந்தது. வெறுங்கண்ணால் சூரியனைப் பார்க்கக் கூடாது என்று கட்டம் கட்டிப் போட்டதற்காகவே பாராட்டலாம். கடைசிப் பத்தியில்தான் கோட்டை விட்டீர்கள். சூரியனும் நிலவும் ஒரே கோட்டில் நின்று இழுப்பதால் கிரகண நேரத்தில் புவியீர்ப்பு குறைகிறது, தாம்பாளத் தண்ணீரில் உலக்கை செங்குத்தாக நிற்பது அதனால்தான், இதை விஞ்ஞானிகளும் ஒப்புக்கொள்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். எந்த விஞ்ஞானி, எந்த ஊர், என்ன கருவி என்று ஒரு விவரமும் இல்லை. ஆலமரத்தடிப் பஞ்சாயத்தில்கூடச் சாட்சி யார் என்று கேட்பார்கள்.

உலக்கை நிற்பது பொய் என்று சொல்ல வரவில்லை. நிற்கும். சூரிய கிரகணம் வந்த 2019 டிசம்பர் 26 அன்று நின்றது, 2020 ஜூன் 21 கிரகணத்தன்றும் நின்றது. டிசம்பர் 27 அன்றும் நின்றிருக்கும். நிறுத்திப் பார்க்கத்தான் ஆள் இல்லை, படம் பிடிக்கக் கேமராவும் இல்லை.

நாலடி உலக்கை, அடிப்பக்கம் ஆறு சென்டிமீட்டர் விட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து அறுபது சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். அந்த மையத்திலிருந்து விட்ட தூக்குக்குண்டு அடிவிளிம்பைத் தாண்டாத வரைக்கும் உலக்கை விழாது. கணக்குப் போட்டால் 2.8 பாகைச் சாய்வு வரை தாங்கும். உச்சி ஆறு சென்டிமீட்டர் நகரலாம். கொஞ்சம் பொறுமை இருந்தால் எந்த நாளிலும் நிறுத்திவிடக்கூடிய இடைவெளி இது. நிற்காமல் போவதற்கான காரணங்களும் வானத்தில் இல்லை. பூண் ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கும். முற்றத்துத் தரையில் தண்ணீர் ஓட அடிக்குக் கால் அங்குலம் வாட்டம் விட்டிருப்பார்கள், அதிலேயே 1.2 பாகை போய்விடும். தாம்பாளத்தின் நடு புடைத்திருக்கும், அல்லது மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருக்கும். ரசமட்டம் வைத்துச் சமதளம் பார்த்து, விசிறியை அணைத்து, உலக்கையை இரண்டு கை விரல்களால் லேசாக அணைத்தபடி ஆட்டம் நின்றபின் விடுங்கள். செவ்வாய்க்கிழமையானாலும் நிற்கும். தண்ணீரும் மஞ்சளும் காட்சிக்குத்தான்.

சரி, இழுப்புக்கு வருவோம். மூன்று கிலோ உலக்கை ஒன்றைச் சூரியன் இழுக்கும் விசை 1.8 கிராம் எடைக்குச் சமம். நிலவின் இழுப்பு 10 மில்லிகிராம். இதைப் படித்ததும் பார்த்தீர்களா, இழுக்கத்தானே செய்கிறது என்று உங்கள் கட்டுரையாளர் துள்ளக்கூடும். அவசரம் வேண்டாம். சூரியன் உலக்கையை மட்டுமா இழுக்கிறது? தாம்பாளத்தை, தரையை, பூமி முழுவதையும் சேர்த்தே இழுக்கிறது. பூமியும் அதே முடுக்கத்தோடு சூரியனை நோக்கி விழுந்துகொண்டே இருக்கிறது. கூடவே விழுகிறவனுக்கு அந்த இழுப்பு தெரியாது. ஐன்ஸ்டீன் 1907-இல் பிடித்த நூலிழை இதுதான். ஈர்ப்பைப் பற்றிய அவருடைய பொதுச் சார்பியல் கோட்பாடு முழுதும் இதிலிருந்துதான் வளர்ந்தது. மிச்சமாக நமக்குத் தெரிவது, பூமியின் மையத்தில் உள்ள இழுப்புக்கும் நாம் நிற்கும் இடத்தில் உள்ள இழுப்புக்கும் இருக்கும் சிறு வித்தியாசம் மட்டுமே. கடலில் ஓதம் எழுவது, அதாவது நீர்மட்டம் ஏறி இறங்குவது, அதனால்தான். சூரியன், நிலவு இரண்டும் தலைக்கு நேர் மேலே வந்து நின்றாலும், மூன்று கிலோ உலக்கைக்கு அந்த வித்தியாசம் அரை மில்லிகிராம். ஓர் அரிசியை நாற்பதாக உடைத்து அதில் ஒரு துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான்.

அந்த அரை மில்லிகிராமும் கிரகணத்துக்கென்று தனியாக வருவதில்லை. ஒவ்வோர் அமாவாசையிலும் மூன்றும் ஏறக்குறைய ஒரே கோட்டில்தான் இருக்கின்றன. நிலவின் பாதை ஐந்து பாகை சாய்ந்திருப்பதால் மற்ற அமாவாசைகளில் நிழல் நம்மேல் விழுவதில்லை. ஓத விசையில் அதனால் வரும் வித்தியாசம் நூற்றில் ஒரு பங்கு. உங்கள் விளக்கப்படி மாதம் தவறாமல் அமாவாசைக்கு அமாவாசை வீட்டு உலக்கைகள் எல்லாம் எழுந்து நிற்க வேண்டும். இன்னொரு வேடிக்கை: மேலே சொன்ன இரண்டும் வளையக் கிரகணங்கள். நிலவு கொஞ்சம் தள்ளிப்போய், சூரியனை முழுதாக மறைக்க முடியாத சமயத்தில்தான் வளையம் தெரியும். நிலவு மிக அருகே வரும் நாளின் ஓத இழுப்பு, மிகத் தொலைவில் இருக்கும் நாளைவிட நூற்றுக்கு நாற்பது பங்கு கூடுதல். கிரகணமே இல்லாத அந்த நாளை யாரும் சீண்டுவதில்லை.

இனி அலே விளைவு என்று பதில் வரும். வரட்டும். 1954 ஜூன் 30 கிரகணத்தின்போது பாரிஸில் மோரிஸ் அலே ஊசல் ஒன்றைக் கவனித்தார். அது ஆடும் தளம் திரும்பியதில் ஒரு முறைகேடு தெரிந்ததாகச் சொன்னார். பிறகு செய்த சோதனைகள் அதை ஐயமற உறுதிப்படுத்தவில்லை. நிழல் விழும்போது காற்று குளிர்ந்து அழுத்தம் மாறும். ஒரு மில்லிபார் மாறினாலே நுண்ணிய ஈர்ப்புமானியில் அது பதிவாகிவிடும். எப்படியானாலும் அலே உலக்கை எதையும் நிறுத்தவில்லை. 1988-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததும் பொருளாதாரத்துக்கு.

கிரகணத்துக்கும் ஈர்ப்புக்கும் மெய்யாகவே ஓர் உறவு உண்டு. நான்கு பக்கத்தில் அதற்கு ஒரு வரி இடம் கிடைக்கவில்லை என்பதுதான் மனத்தை அறுக்கிறது. 1919 மே 29 முழுக் கிரகணத்தில், சூரியனை ஒட்டி வரும் விண்மீன் ஒளி ஐன்ஸ்டீன் சொன்னபடி 1.75 வில்நொடி வளைகிறதா, நியூட்டன் வழிக் கணக்குப்படி அதில் பாதிதானா என்று பார்க்க இரண்டு குழுக்கள் போயின. ஒன்று பிரேசிலின் சொப்ரால், மற்றது ஆப்பிரிக்காவை ஒட்டிய பிரின்சிப்பே தீவு. ஒரு ரூபாய் நாணயத்தை இரண்டரை கிலோமீட்டர் தள்ளி வைத்துப் பார்த்தால் தெரியும் அகலம்தான் 1.75 வில்நொடி. புகைப்படத் தட்டில் அது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குகூட வராது. பிரின்சிப்பேயில் மேகம். சொப்ராலில் பெரிய தொலைநோக்கிக்கு ஒளியைத் திருப்பிய கண்ணாடி வெயிலில் சூடேறி விரிந்தது, குவியம் கெட்டது, அந்தத் தட்டுகளில் 0.93 தான் வந்தது. நான்கு அங்குல வில்லை வைத்த சிறிய கருவி 1.98 கொடுத்தது, பிரின்சிப்பே 1.61. ஒரு கருவி ஏன் கெட்டது என்பதையும் சேர்த்து எழுதி, நவம்பர் 6 அன்று லண்டன் அறிவியல் அவையில் வைத்தார்கள். 1922 கிரகணத்தில் இதையே அளக்கக் கொடைக்கானல் ஆய்வகத்தின் எவர்ஷெட் ஆஸ்திரேலியாவின் வாலல் கடற்கரைக்கே போனார். கருவி கைகொடுக்காமல் வெறுங்கையோடு திரும்பினார். நம் மலையிலிருந்து போன அந்தக் கதை உங்களுக்குச் செய்தியாகத் தோன்றவில்லை, உலக்கை தோன்றியது.

எழுத உட்கார்ந்த பிறகு பழைய கணக்கும் நினைவுக்கு வருகிறது. 2025-இல் சுபான்ஷு சுக்லா பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குப் போனபோது, ஈர்ப்பு விசையே இல்லாத இடத்தில் மிதக்கிறார் என்று எழுதினீர்கள். 400 கிலோமீட்டர் உயரத்தில் புவியீர்ப்பு தரையில் இருப்பதில் நூற்றுக்கு எண்பத்தெட்டுப் பங்கு அப்படியே இருக்கிறது. நிலையம் நொடிக்கு 4.3 மீட்டர் கீழே விழுகிறது. அதே நொடியில் 7.66 கிலோமீட்டர் பக்கவாட்டில் பாய்கிறது. அந்தத் தூரத்துக்குப் பூமியின் வளைவும் 4.3 மீட்டர் இறங்குகிறது. விழுந்துகொண்டே இருக்கிறது, தரை வந்து சேர்வதில்லை. ஈர்ப்பு இல்லாவிட்டால் நேர்கோட்டில் போய்த் தொலைந்திருக்கும். எடையின்மை என்று நல்ல தமிழ்ச்சொல் இருக்கிறதே, அதை எழுதக் கூடுதல் மை செலவாகுமா?

அதற்கும் முன்னால், சார்பியல் திருத்தம் இல்லாவிட்டால் ஜிபிஎஸ் தினமும் 11 கிலோமீட்டர் தவறும் என்று போட்டீர்கள். இதை உலகமே சொல்கிறது, உங்களை மட்டும் குறை சொல்ல முடியாது. செயற்கைக்கோள் கடிகாரம் நாளைக்கு 38 மைக்ரோநொடி வேகமாக ஓடுவது உண்மை. அதற்காகவே அந்தக் கடிகாரத்தின் அதிர்வெண்ணை, 10.23 மெகாஹெர்ட்ஸ் என்பதை, தரையிலேயே 10.22999999543 ஆகக் குறைத்து அனுப்புகிறார்கள். ஆனால் உங்கள் கைப்பேசி நான்கு செயற்கைக்கோள்களை வைத்து இடத்தோடு நேரத்தையும் சேர்த்தே கணக்கிடுகிறது. எல்லாக் கோளுக்கும் பொதுவான பிழை அந்த நேரக் கணக்கில் போய்விடும். இடத்தைக் கெடுப்பது கோளுக்குக் கோள் மாறும் பிழை. பாதை 0.02 அளவுக்கு நீள்வட்டமாக இருந்தாலே 46 நானோநொடி வரை ஏறி இறங்கும். பதினான்கு மீட்டர் அது. பதினான்கு மீட்டர் என்று போட்டால் தலைப்பு கவர்ச்சியாக இருக்காது, தெரியும்.

கருந்துளை எல்லாவற்றையும் உறிஞ்சும் என்ற அட்டைப்படத்தைப் பற்றி இப்போது வேண்டாம்.

கேட்பது இவ்வளவுதான். அடுத்த இதழில் ஆறு வரித் திருத்தம், கட்டுரை வந்த அதே பக்கத்தில், ராசிபலனுக்குக் கீழே அல்லாமல். கூடவே அமாவாசையோ பௌர்ணமியோ இல்லாத ஒரு நாளில் உங்கள் அலுவலக வாசலில் உலக்கையை நிறுத்தி, தேதி தெரியும்படி ஒரு படம். 2031 மே 21 அன்று மதுரை வழியாக வளையக் கிரகணம் வருகிறது. தாம்பாளங்கள் வெளியே வருவதற்குள் அந்தப் படம் நாலு பேர் கண்ணில் பட்டால் போதும். உலக்கை கிடைக்காவிட்டால் விளக்குமாறும் நிற்கும். தட்டையான அடிப்பக்கமாகப் பார்த்து எடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
கரூர்.